எரியாமல் எரிந்த கொட்டில்

சோளகக் காற்று வீசும் விடுமுறைக் காலமொன்றிலே, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், எமக்கு உறவான ஒரு வீட்டிலே சில நாட்கள் தங்கியிருந்தோம். ஒருநாள் மாலை, கொல்லைப்புறத்திலிருந்து வீட்டு ஆச்சியின் குரல் ஊரையே கூட்டியது.

"ஐயோ, உந்தப் பெடியள் என்ரை கொட்டிலைக் கொளுத்தப் போறாங்கள்!"

ஓடிச்சென்று பார்த்தோம். உயர்தர வகுப்பிற் படிக்கும் நான்கு இளைஞரும் இரண்டு யுவதிகளும் அங்கே நின்றனர். ஒருவர் கையிலே கைத்தொலைபேசி. இன்னொருவர் கையிலே மண்ணெண்ணெய்ப் போத்தல். பத்து நிமிடம் ஓடும் படமொன்றை அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தனர். இறுதிக் காட்சியிலே ஒரு குடிசை தீப்பற்றி எரியவேண்டுமாம். அதற்கென அவர்கள் தெரிந்தெடுத்தது, ஆச்சி விறகு அடுக்கி வைத்திருக்கும் பழைய கிடுகுக் கொட்டில்.

"பழங் கிடுகுதானே ஆச்சி, நாங்கள் புதுசா வேய்ஞ்சு தாறம்" என்று நெறியாளராகிய தம்பி சமாதானம் கூறிக்கொண்டிருந்தார்.

முதற் காரியமாகப் போத்தலை வாங்கி அப்பால் வைத்தோம். கொட்டிலுக்கும் வீட்டுக் கூரைக்கும் இடையே பத்தடி தூரமும் இல்லை. அருகே காய்ந்த பனையோலை வேலி; வேலிக்கு அப்பால் அயலவரின் வைக்கோற் போர்; மேலே சோளகம். இக்காட்சி ஒரேயொரு முறைதான் படமாகியிருக்கும். அதைப் பார்க்க ஊரிலே எத்தனை கூரைகள் மிஞ்சியிருக்குமென்பது வேறு கேள்வி.

ஆயினும் பிள்ளைகளின் முகங்கள் வாடிவிட்டன. ஆகவே, கொட்டிலும் எரியவேண்டும், எரியவும் கூடாது என்ற நிபந்தனையுடன் அவர்களோடு நாமும் அமர்ந்தோம். அடுத்த பத்து நாட்களிற் கற்றதையும் கற்பித்ததையும் இங்கே எழுதுகின்றோம். வீட்டிலே இவ்வாறு படமெடுக்கும் பிள்ளைகள் இன்று எத்தனையோ பேர். அவர்தம் பெற்றோரும் இதனை ஒருமுறை வாசித்தல் நன்று.

கமரா அறியாத மூன்று

கமராவுக்கு மூன்று விடயங்கள் தெரியா. தன் சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கின்றதென்பது அதற்குத் தெரியாது. ஒரு பொருளின் உண்மையான பருமன் தெரியாது. தான் நிறுத்தப்பட்டிருந்த வேளையில் நடந்தது எதுவும் தெரியாது. தந்திரக் காட்சிக் கலை முழுவதும் இந்த மூன்று அறியாமைகளின்மேற் கட்டப்பட்டதே.

மூன்றாவதைத்தான் மனிதன் முதலிற் கண்டுபிடித்தான். 1895இலேயே அமெரிக்காவில் எடிசனின் நிறுவனத்தார், ஸ்கொத்லாந்து அரசி மேரியின் சிரச்சேதத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைந்த படமாக எடுத்தனர். நடிகர் தலையைக் கட்டையில் வைத்ததும் கமரா நின்றது, அவர் எழுந்து சென்றார், அவ்விடத்தில் ஒரு பொம்மை வைக்கப்பட்டது, கமரா மீண்டும் சுழன்றது, கோடரி விழுந்தது. கோடரி இறங்கியபோது மனிதர் அங்கே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உலகின் முதற் தந்திரக் காட்சிகளில் ஒன்றே பாதுகாப்பான காட்சிதான்.

பிரான்சு தேசத்து ஜோர்ஜ் மெலியே என்பவர் அடிப்படையில் மேடைச் செப்படிவித்தைக்காரர். பாரிஸ் நகரின் ஒப்பெரா சதுக்கத்தை அவர் படமெடுத்துக்கொண்டிருக்கையிற் கமரா சிக்கி ஒரு நிமிடம் நின்றதாம். சரிசெய்து மீண்டும் சுழற்றிப் பின்னர் படத்தைப் போட்டுப் பார்த்தபோது, பயணிகள் வண்டியொன்று திடீரெனப் பிரேத வண்டியாக மாறிற்று. இதை அவரே பிற்காலத்திற் கூறினார். 1902இல் அவர் எடுத்த சந்திரப் பயணப் படத்தைப் பலர் அறிவர்.

இதை வீட்டிலே செய்வதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். கைத்தொலைபேசியை முக்காலியிற் பொருத்துங்கள். முக்காலி இல்லையேல் ஒரு கதிரையோடு இறுகக் கட்டி, கதிரையின்மேற் செங்கற்களை வையுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லையேல் கருவி தானாகவே வெளிச்சத்தை மாற்றிக் கள்ளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். முகில் நகரும் வேளையிற் செய்யாதீர்கள். எங்கள் குழுவிலே ஒரு தங்கை மறையும்போது அவளது நிழல் மட்டும் அரை விநாடி தரையில் நின்றது. அது அழகாய்த்தான் இருந்தது. ஆயினும் கதைக்குப் பொருந்தவில்லை.

காலத்தைப் பின்னோக்கி ஓட்டுவதும் இதன் உடன்பிறப்பே. அம்பொன்று நடிகரின் தலைக்கு அருகே மரத்திற் தைக்கவேண்டுமா? எய்யாதீர்கள். மரத்திலே மெதுவாகச் செருகிய அம்பின் வாலில் மெல்லிய நூலைக் கட்டி, நடிகரை விட்டு விலகும் திசையிற் சடாரென இழுங்கள். பின்னர் அத்துண்டைத் தலைகீழாக ஓட்டுங்கள். அம்பு பாய்ந்து வந்து தைக்கும். நடிகர் மட்டும், முதலில் அதிர்ச்சி, பின்னர் அமைதி என்று முறைமாறி நடிக்கப் பழகவேண்டும். எமது நடிகருக்கு இது ஏழாவது முறையிற்தான் வந்தது. ஏழு முறையும் ஒரு கீறல்கூட இல்லை. உண்மையான அம்பானால் இரண்டாவது முறைக்கே ஆள் கிடைத்திருக்கமாட்டார்.

சீனிப்பாகு இரத்தம்

1960இல் ஹிச்கொக் எடுத்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலையைக் கண்டு உலகமே நடுங்கிற்று. அங்கே ஓடிய இரத்தம் சொக்கலேற் பாகு. கறுப்பு வெள்ளைப் படமாதலின் நிறம் பொருட்டாகவில்லை, தடிப்பே வேண்டியிருந்தது. கத்தி பாயும் ஓசைக்கு முலாம்பழத்தைக் குத்தினார்கள்.

வண்ணப் படத்துக்கு நிறமும் வேண்டும். ஒரு கோப்பை நீரில் அரைக் கோப்பைச் சீனியையும் ஒரு மேசைக்கரண்டி சோளமாவையும் கரைத்து, மெல்லிய தீயிற் துழாவித் தடிக்கவிடுங்கள். நன்றாக ஆறியபின் உணவுக்கிடும் சிவப்புச் சாயமும், அது பொம்மைச் சிவப்பாய்த் தோன்றாதிருக்கச் சிறிது கொக்கோத் தூளும் கலக்கவேண்டும். கறைபடக்கூடாத உடையில் இதைப் பூசாதீர்கள். பீற்றூட் சாறு கமராவில் ஊதாவாகிவிடும், நாங்கள் சோதித்தோம். எறும்புகளைப் பற்றி எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 'பிணமாக'க் கிடந்த தம்பி ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து ஓடிவிட்டார்.

ஆச்சி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஆலாத்தித் தண்ணி போதாதோ?" என்று கேட்டார். நாமும் வியந்தோம். மஞ்சளிற் சுண்ணாம்பு சேர்ந்தால் இரத்தச் சிவப்பாகும். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தோடு சேர்கையில் நிறம் மாறுவதே காரணம். எம்மவர் வாசற்படியிலே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தந்திரக் காட்சி இது! தரையிற் சிந்தியிருக்கும் இரத்தத்துக்கு இது மிகப் பொருத்தம். சுண்ணாம்பு எரிவு தருவதாதலால் முகத்திலோ வாயிலோ கண்ணருகிலோ படக்கூடாது. குங்குமத்தைக் கரைத்து வாயிலிடுவதும் கூடாது. கடைக் குங்குமங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு.

மழையைப் பற்றிச் சிறிது. இரண்டு மாலைகள் பூவாளியால் நீர் தெளித்தும் கமராவில் ஒரு துளியும் தெரியவில்லை. விளக்கு முன்னால் இருந்ததே தவறு. ஒளி துளிகளுக்குப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளிக் கம்பியாக மின்னும். அவ்விளக்கு மின்கலத்தில் எரியும் ரோச் விளக்காகவே இருக்கட்டும். வீட்டு மின்சாரத்தை ஈரத் தரைக்கு இழுத்துவந்த ஒரு தம்பியை நாம் கடிந்துகொண்டோம், அதற்காக வருந்தவில்லை.

பெரிய படமாளிகைகளின் பிழைகள்

வீட்டுப் பிள்ளைகள்தாம் இவ்வாறு துணிகின்றனர் என்று எண்ணவேண்டாம். கோடிக்கணக்கிற் செலவிட்ட கலைக்கூடங்களும் துணிந்து, பிறருக்குத் துன்பம் விளைத்தன. 1939இல் வெளிவந்த 'விசார்ட் ஒவ் ஒஸ்' படத்திலே தகர மனிதனாக நடிக்கவிருந்த பட்டி எப்சனின் முகத்தில் அலுமினியத் தூளைப் பூசினர். அது சுவாசப்பைக்குள் சென்று அவர் வைத்தியசாலையிற் கிடந்தார். வேடம் வேறொருவருக்குச் சென்றது. அவருக்குத் தூளுக்குப் பதிலாகப் பசை பூசப்பட்டது. அதே படத்திற் சூனியக்காரியாக நடித்த மாகரெட் ஹமில்ற்றன், நெருப்பும் புகையுமாக மறையும் காட்சியில் முகத்திலும் கையிலும் எரிகாயமுற்றார். தரைக் கதவு வழியே அவர் கீழிறங்கி முடியுமுன் தீ எழுந்துவிட்டதே காரணம். அக்காலத்திற் செயற்கைப் பனியெனக் கல்நார் கூட விற்கப்பட்டது. இன்று அதன் தூசைச் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாவதை அறிவோம்.

வெடிமருந்தின் கதை இன்னும் துயரமானது. 1993இல் பிரண்டன் லீ என்ற இளம் நடிகரும், 2021இல் ஹலீனா ஹச்சின்ஸ் என்ற ஒளிப்பதிவாளரும் படப்பிடிப்புத் துப்பாக்கிகளாலேயே உயிரிழந்தனர். இருவரையும் சூழ்ந்து நின்றவர்கள் தொழில் அறிந்தவர்களே. துப்பாக்கியின் வாயில் ஒளி தோன்ற வேண்டுமாயின் கணினியிலே ஒரேயொரு படத்தில் அதைச் சேர்த்தாற் போதும். விநாடியில் இருபத்துநான்கிலொரு பங்கு நேரம். அதற்காகச் சீனவெடி மருந்தைக் கொட்டி எடுப்பது வீண் அநியாயம்.

வீட்டிலே செய்யப்படும் மூன்று பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடுகின்றோம். புழுதி தோன்றவெனக் கோதுமை மாவைக் காற்றில் வீசாதீர்கள். பறக்கும் மாவில் ஒரு தீப்பொறி பட்டாற் குப்பென்று எரியும். உலர்பனியைக் கொணர்ந்து அடைத்த அறையில் மூடுபனி செய்யாதீர்கள். அது கரியமிலவாயு, மூச்சை அடைக்கும். அதை மூடிய போத்தலில் இட்டாற் போத்தல் வெடிக்கும். சீனியைக் காய்ச்சிக் கண்ணாடி செய்யும் முறை சிலருக்குத் தெரிந்திருக்கும். அப்பாகு 150 பாகை செல்சியசுக்கு ஏறும், தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். கண்ணாடி உடையும் ஓசையைக் கேட்பித்து, திரும்பிப் பார்க்கும் முகத்தைக் காட்டுங்கள். உடைந்ததைக் கண்டதாகவே பார்ப்பவர் சொல்வர்.

பதினாறு அடியும் ஓர் அடியும்

மாணவர்க்கு மிகவும் பிடித்த பகுதி இதுவாதலால் சற்று விரித்து எழுதுகின்றோம். பதினாறு அடி உயரத்திலிருந்து விழும் கல் நிலத்தை அடைய ஏறக்குறைய ஒரு விநாடியாகும். ஓரடி உயரத்திலிருந்து விழுவதற்குக் கால் விநாடி. உயரம் பதினாறிலொன்றாய்க் குறைந்தபோது நேரம் நான்கிலொன்றாகவே குறைகின்றது. பதினாறின் வர்க்கமூலம் நான்கு. ஆகவே பதினாறு அடி மதிலை ஓரடிக் களிமண் மதிலாகச் செய்து இடித்து வீழ்த்தினால், அது பொம்மைபோல விரைந்து விழும். நான்கு மடங்கு வேகத்திற் படமெடுத்து வழமையான வேகத்தில் ஓட்டினால், அதே சிறு மதில் மலைபோல மெல்லச் சரியும். விநாடிக்கு 24 படங்களெனில் நான்கு மடங்கு 96. இக்காலத்துக் கைத்தொலைபேசிகள் பலவற்றில் 120 உண்டு. முற்காலத்திலே பெருங் கமராக்களுக்கே உரியதாயிருந்த வசதி இன்று சட்டைப் பையில் இருக்கின்றது.

ஒரு சிறு எச்சரிக்கை: மின்குமிழ்கள் பலவற்றின் ஒளி விநாடிக்கு நூறு முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அத்துடிப்பு மெதுவோட்டத்தில் தெரிந்துவிடும். ஆகவே இதனைப் பகல் வெளிச்சத்திற் செய்யவேண்டும்.

நீர் மட்டும் இக்கணக்குக்கு அடங்காது. வாளியில் ஓடும் காகிதக் கப்பலை எத்துணை மெதுவாக ஓட்டினாலும் நீர்த்துளியின் பருமன் காட்டிக்கொடுத்துவிடும்.

கொட்டில் எரிந்த விதம்

இனி ஆச்சியின் கொட்டிலுக்கு வருவோம். மெலியே 1901ஆம் ஆண்டளவிலேயே, கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று எடுத்த உருவத்தை வேறொரு காட்சியின்மேல் ஒட்டினார். கறுப்பு என்பது ஒளியின்மை. அது சுருளிற் பதியாது. ஒளிபட்ட உருவம் மட்டும் பதியும். இன்று கணினியிலும் கைத்தொலைபேசிச் செயலிகளிலும் 'ஸ்கிரீன்' என்று பெயரிட்டிருக்கும் கலப்புமுறை இந்தப் பழைய தந்திரத்தின் பேரப்பிள்ளையே.

எமக்கு வேண்டியது கறுப்புப் பின்னணியில் ஒரு தீ. ஆச்சியின் குசினியிலே, புகைபடிந்து மைபோற் கறுத்த சுவருக்கு முன்னால், நாள்தோறும் மாலையில் அடுப்பெரிகின்றது! ஆச்சி புட்டு அவிக்க அடுப்பை மூட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு, எட்டி நின்று, 120 படவேகத்தில் அந்தச் சுவாலையை எடுத்தோம். ஓரடிச் சுவாலை மெதுவோட்டத்திற் பதினாறு அடிச் சுவாலையாக நாக்கு நீட்டிற்று. எவரும் புதிதாக எதையும் கொளுத்தவில்லை.

கொட்டிலைப் பொழுதுபட்ட பின்னர் தனியே எடுத்தோம். உள்ளே இரண்டு ரோச் விளக்குகளுக்குச் செம்மஞ்சட் கண்ணாடித்தாள் கட்டி, இரு தங்கையர் அவற்றின் முன்னே விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தனர். கிடுகின் இடுக்குகளெல்லாம் தீப்போற் துடித்தன. கமராவுக்கு அருகே ஒரு சட்டியிற் சாம்பிராணிப் புகை. அயல்வீட்டுப் பெரியவருக்குத் தொய்வு இருந்தபடியால், புகை அவர் பக்கம் செல்லாத வேளை பார்த்துச் செய்தோம். தீ எரியும் ஓசை, காதருகே கசக்கிய கண்ணாடித்தாளிலிருந்து பிறந்தது. பின்னர் அடுப்புச் சுவாலையைக் கூரையின்மேல் ஏற்றினார்கள். ஆயினும் காட்சிக்கு உயிர் தந்தது சுவாலையன்று. அதைப் பார்த்து நிற்கும் தாயின் முகத்திலே ஆடிய செம்மஞ்சள் ஒளியே. தீயைக் காட்டிய நேரம் நான்கு விநாடி; முகத்தைக் காட்டிய நேரம் இருபது விநாடி.

நில் என்ற சொல்

எம்நாட்டிலே எடுத்த ஒரு பெரும் படத்தின் சம்பவத்தைப் பிள்ளைகளுக்குக் கூறினோம். 1957 மார்ச்சிலே, களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவில், 'குவாய் நதிப் பால'த்தை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சி. பிரதமர் பண்டாரநாயக்காவும் விருந்தினரும் பார்த்திருக்க, புகைவண்டி பாலத்தை நோக்கி வந்துவிட்டது. கமராக்காரர் ஒருவர் மட்டும் பாதுகாப்பான இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நெறியாளர் டேவிட் லீன் வெடியை நிறுத்திவிட்டார். வெடிக்காத பாலத்தைக் கடந்த வண்டி அக்கரையில் மின்னாக்கி இயந்திரமொன்றில் மோதிச் சிதைந்தது. செலவும் நட்டமும் பெரிது. வண்டியைச் செப்பனிட்டு மறுநாட் காலை பாலத்தைத் தகர்த்தார்கள். படம் உலகப் புகழ் பெற்றது. அந்தக் கமராக்காரரும் உயிரோடிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் எவர் 'நில்' என்றாலும் வேலை நிற்பதென்று விதி செய்தோம். குழுவிற் சிறியவளான தங்கைதான் அதை அதிகம் பயன்படுத்தினாள். இரண்டு முறை காரணமின்றி, ஒருமுறை மிக நல்ல காரணத்தோடு. ஏணியின் கால் மணலிற் புதைந்துகொண்டிருந்ததை அவளே கண்டாள்.

வடக்கிலும் கிழக்கிலும் படமெடுக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. 2009இற் போர் முடிந்ததாயினும் வெடியோசை கேட்டாற் கட்டிலின் கீழ் ஒடுங்கும் பெரியவர்கள் இன்றும் நம் ஒழுங்கைகளிலே இருக்கின்றார்கள். வெடிச்சத்தத்தைப் படத்திற் சேர்ப்பது பின்னர் செய்யும் வேலை. படப்பிடிப்பு நாளில் ஊருக்கு அது கேட்கவேண்டியதில்லை. பொம்மைத் துப்பாக்கியோடு வீதியில் இறங்குமுன் கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அயலாருக்கும் அறிவித்துவிடுங்கள். இடிந்த வீடு அழகான பின்னணியென்று ஆளற்ற காணிகளுக்குள் நுழையாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை விழுந்து கிடந்தாலும் அது எச்சரிக்கையே.

படம் முடிந்தது. முற்றத்திலே வெள்ளை வேட்டியைக் கட்டி, ஒளிவீச்சுக் கருவியொன்றை இரவல் வாங்கி, அயலவர் அனைவரையும் அழைத்துக் காட்டினார்கள். இறுதிக் காட்சியிற் கொட்டில் தீப்பற்றியபோது, முன்வரிசையிலிருந்த ஆச்சி மெல்ல எழுந்தார். அரிக்கன் இலாம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் சென்றார். கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்து தமது இடத்தில் அமர்ந்தார்.

அது அவருடைய அடுப்பு நெருப்புத்தான் என்று நெறியாளர்த் தம்பி விளக்கியபோது ஆச்சி சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடியெண்டால், நாளைக்கு விறகு கொத்தித் தாங்கோ" என்றார்.